மகன் பார்க்கிறானா என்று கேட்காத ஊர்

எய்யா,

இதை ஆபீஸில் வைத்துப் படிக்காதே. வீட்டுக்குப் போய், ஒரு காப்பி போட்டுக்கொண்டு, உட்கார்ந்து படி. நீளமான கடிதம். போனில், இடது கையால், ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன். இன்றோடு நான்கு நாள் ஆகிறது. வலது கைக்கு என்ன என்று கேட்பாய். சொல்கிறேன், அவசரப்படாதே. முப்பத்தொரு வருஷம் வருவாய்த் துறையில் அறிக்கை எழுதியவள் நான். எதை முதலில் சொல்ல வேண்டும், எதைக் கடைசியில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

முதலில் சொல்ல வேண்டியது இது. போன திங்கட்கிழமை, நாற்பது பேர் நின்ற ஒரு வரிசையில் நின்றுகொண்டு உன்னைப் பற்றி ஒரு பொய் சொன்னேன். சொன்ன கையோடு வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன். பொய் சொல்வது எனக்குப் புதிதில்லை, உன் அப்பா இருந்தவரை அவரிடம் நிறையச் சொல்லியிருக்கிறேன். ஆனால் இந்தப் பொய்யை, இதே வார்த்தைகளில், வேறொருத்தி என் முகத்துக்கு நேரே மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். மூன்று தடவையும் அதை உண்மை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான். அன்றிலிருந்து சோறு சரியாக இறங்கவில்லை. உன்னிடம் சொல்லாமல் தீராது என்று தோன்றியது, அதனால் எழுதுகிறேன்.

போன வருஷம் இரண்டாவது பிரசவத்துக்கு டென்மார்க்குக்கு உன் வீட்டுக்கு வந்தேன் அல்லவா, அங்கிருந்து தொடங்குகிறேன். நான் எப்படி வந்தேன் என்று நினைத்துப் பார். உடன்குடிக் கருப்பட்டி, பிரசவ மருந்துச் சாமான், பூண்டு, பழைய வேட்டியைக் கிழித்து மடித்த துணி என்று பெட்டியை அடைத்துக்கொண்டு, உங்கள் குடும்பத்தையே கரைசேர்க்கப் போகிறவள் மாதிரி வந்து இறங்கினேன். பார்த்தால் நீ வீட்டில் இருக்கிறாய். பிள்ளை பெற்றவளுக்கு லீவு கேள்விப்பட்டிருக்கிறேன், பெற்றவளின் புருஷனுக்கும் மாதக்கணக்கில் லீவு என்றதும் உனக்கு வேலை போய்விட்டது, என்னிடம் மறைக்கிறாய் என்றே நினைத்தேன். மருமகளைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. உன் அப்பா, நீ பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு வந்து உன்னைப் பார்த்துவிட்டு, பரீட்சைத் தாள் திருத்தப் போனவர். நீயோ பிள்ளையை மாரில் கட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கினாய். கொண்டுவந்த மருந்தை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் நான் நின்றேன்.

எல்லாவற்றுக்கும் நான் வாயைப் பிளக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு நர்ஸ் வீடு தேடி வந்து குழந்தையை எடை போட்டபோது, பார்த்தாயா அம்மா என்று நீ பெருமையாக என்னைப் பார்த்தாய். இது நம்ம ஊர் கிராம நர்ஸும் செய்கிற வேலைதான் என்றேன், நீ நம்பவில்லை. மூத்தவள் பள்ளிக்கூடத்துக்கு டப்பாவில் இரண்டு துண்டு ரொட்டியைக் கட்டிக்கொண்டு போனதைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே தூக்கிவாரிப்போட்டது. இத்தனை பணமுள்ள நாடு, அவள் பள்ளிக்கூடத்தில் மதியம் பிள்ளைகளுக்கு ஒரு கரண்டி சூடான சோறு இல்லை. நம்ம பக்கத்துப் பனங்காட்டு ஊரில்கூட மத்தியானம் முட்டையோடு சத்துணவு வேகிறது. "அவங்க ஊருக்கு நம்ம சத்துணவு அமைப்பாளரை ஒரு வருஷம் அனுப்பி வைக்கணும்லே" என்று நான் சொன்னதற்கு நீ சிரித்தாய். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

என்னை உலுக்கியது பக்கத்து வீட்டுக் கிர்ஸ்டன். எண்பது தாண்டியவள், தனியாக இருப்பவள், ஜன்னல் நிறையத் தொட்டிச் செடி வைத்திருப்பவள். தினம் காலையில் ஒரு பெண் வந்து அவளைக் குளிப்பாட்டி, உடை மாற்றிவிட்டுப் போவாள். நகராட்சியிலிருந்து வருகிறாள், காசு வாங்குவதில்லை என்று நீ சொன்னாய். மகன் இல்லையா என்று கேட்டேன். இருக்கிறான், அரை மணி தூரத்தில் என்றாய். எனக்கு வந்த கோபம் உனக்கு நினைவிருக்கும். அரை மணி தூரத்தில் ஒரு தடியனை வைத்துக்கொண்டு யாரோ ஒருத்தி வந்து தாயைக் குளிப்பாட்டுகிறாள், இதுதான் உங்கள் நாகரிகமா என்று கத்தினேன். "மெதுவாப் பேசும்மா" என்று நீ ஜன்னலைச் சாத்தினாய்.

அந்த மகன் ஞாயிறுதோறும் வந்தான். வந்து என்ன செய்தான்? சீட்டு ஆடினான். தாயும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்து, அவள் அவனை ஏமாற்ற, அவன் கண்டுபிடித்துக் கத்த, ஒரே சிரிப்பு. நம் சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். நான் பார்த்த வீடுகளில் படுத்த தாயும் பார்க்கிற மகனும் சிரித்து நான் கண்டதில்லை. அவளைத் தூக்குகிற, துடைக்கிற வேலை அவன் தலையில் இல்லாததால்தான் அவனுக்குச் சீட்டாடத் தெம்பு இருக்கிறது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. இவன் என்ன ஜென்மம் என்றுதான் நினைத்தேன்.

ஒரு நாள் காலையில் கிர்ஸ்டன் நம் இருவரையும் காப்பிக்குக் கூப்பிட்டாள். நாம் இருக்கும்போதே ஒரு பெண் சைக்கிளில் வந்து இறங்கினாள். இந்த வயசுக்காரர்களை நகராட்சி ஆள் வீட்டுக்கே வந்து பார்த்துப் பேசுவது உண்டு என்று நீ சொன்னாய். எழுந்திருக்கப் போனோம், கிர்ஸ்டன் விடவில்லை. அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு, காப்பி வாங்கிக்கொண்டு, ஒரே ஒரு கேள்வியில் தொடங்கினாள். நீ எனக்குத் தமிழில் சொன்னாய்: "இன்னைக்கு எந்திரிச்சதுல இருந்து எது கஷ்டமா இருந்துச்சுன்னு கேக்குதா." கிர்ஸ்டன் கொஞ்சம் யோசித்து, இடது கால் சாக்ஸ் என்றாள். அந்தப் பெண் அதைச் சிரிக்காமல் எழுதிக்கொண்டாள்.

எனக்குப் பழைய உத்தியோகம் தலைக்கேறிவிட்டது. மகனைப் பற்றி விசாரிக்க மாட்டாயா என்று கேட்கச் சொல்லி உன்னை இடித்தேன். நீ நெளிந்துகொண்டு கேட்டாய். அந்தப் பெண்ணுக்குக் கேள்வியே விளங்கவில்லை. இரண்டு தடவை திருப்பிக் கேட்டுவிட்டு அவள் சொன்னதை நீ இப்படிச் சொன்னாய்: "சாக்ஸ் போட முடியாதது கிர்ஸ்டனுக்குத்தானம்மா. மகனை எதுக்குக் கேக்கணும்னு கேக்குதா." குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். அன்று முழுக்க நான் படுத்திருந்ததை, குளிர் ஜுரம் என்று நீ மாத்திரை கொடுத்தாய். குளிருமில்லை, ஜுரமுமில்லை. அந்த மேஜையில் எனக்குப் பேச்சித்தாய் ஞாபகத்துக்கு வந்துவிட்டாள்.

நீ நான்காம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ படித்த காலம். எனக்கு வருவாய் ஆய்வாளர் வேலை, திசையன்விளைக்குத் தெற்கே செம்மண் காட்டுக்குள் சில ஊர்கள். முதியோர் உதவித்தொகை கேட்டு வரும் மனுக்களை நேரில் விசாரித்து அறிக்கை தர வேண்டும். எப்படி விசாரிப்போம் தெரியுமா? ஊர்ச் சாவடியில் நாற்காலி போட்டு நான் உட்காருவேன். கிழவன் கிழவி எல்லாம் தரையில். சுற்றி ஊரே நிற்கும். ஒவ்வொருவராக எழுந்து வர, வயது கேட்பேன், நிலம் கேட்பேன். பிறகு சத்தமாகக் கேட்பேன்: "மவன் இருக்கானா? பாக்கானா?" பார்க்கிற மகன் இருந்தால் ஆதரவற்றவர் இல்லை, மனு தள்ளுபடி. அன்றைக்கு என் கையில் இருந்த விதி அப்படி. சத்தமாகக் கேட்க வேண்டும் என்பது விதியில் இல்லை, அது நான் சேர்த்தது. ஊர் முன்னால் கேட்டால் பொய் சொல்ல மாட்டார்கள் என்பது என் கணிப்பு. பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு.

பேச்சித்தாய் முருங்கைத் தோட்டத்தில் காய் பறித்தவள். இடுப்பு ஒடிந்த மாதிரி வளைந்து, சேலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். கேட்டேன். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள். "மவன் பம்பாய்ல இருக்கான்ம்மா. நல்லாப் பாக்குதான்" என்றாள். மகன் ஆதரவில் உள்ளார் என்று எழுதினேன். பஸ்ஸுக்கு நடக்கும்போது தலையாரி என் பின்னாலேயே வந்து, பைய சொன்னார்: "யம்மா, அது மறைக்கி. அந்தப் பய எட்டியே பாக்கது கிடையாது. அக்கம் பக்கத்துல கஞ்சி வாங்கிக் குடிக்கி." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவளே பாக்குதான்னு சொல்லுதா. நான் என்னத்த எழுத?"

எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று நீ எனக்காகச் சமாதானம் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். எனக்குத் தெரியும். அன்று சாப்பிடும்போது உன் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன்: தாயைப் பார்க்காத பயல்களுக்குப் பதிலாக அரசாங்கம் பார்க்க ஆரம்பித்தால் நாளைக்கு எந்தப் பயல் பார்ப்பான் என்று. உன் அப்பா ஆமாம் போட்டார். நீ இன்னொரு அப்பளம் கேட்டாய்.

அடுத்த வருஷமும் அவள் வந்தாள். அதே கேள்வி, அதே பதில். இப்படிச் சொல்கிறவள் ஏன் மறுபடி மனுப் போட்டுக்கொண்டு வருகிறாள் என்று எரிச்சல்தான் வந்தது. மூன்றாவது வருஷம் தன் முறை முடிந்த பிறகும் போகாமல் தூணோரமாக உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் கலைந்ததும் எழுந்து என் பக்கத்தில் வந்து, "எம்மா, ஒரு நிமிசம்" என்றாள். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "அடுத்த தடவ பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். அடுத்த தடவை பட்டியலில் அவள் பெயர் இல்லை. தலையாரியைக் கேட்டேன். "அது போன மாசமே போயிட்டும்மா. மவன் வந்து பந்தலு, மேளம், தேருன்னு ஜாம்ஜாம்னு எடுத்துட்டுப் போயிட்டான்" என்றார். அன்றைக்கும் நான் ஒழுங்காகச் சாப்பிட்டேன், எய்யா. அதை நினைத்தால்தான் இப்போது எனக்கு என்னைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

அந்தச் சைக்கிள் பெண்ணுக்கு நம் கேள்வி விளங்காமல் போனபோதுதான், இத்தனை வருஷம் கழித்து, பேச்சித்தாய் ஏன் மூன்று தடவை வந்தாள் என்று எனக்கு விளங்கியது. யாரும் இல்லாத இடத்தில் ஒரு தடவையாவது கேட்பேனா என்று பார்க்க வந்திருக்கிறாள். இல்லாவிட்டால் வேறு கேள்வி கேட்பேனா என்று. என்ன சாப்பிட்டே என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். எது முடியவில்லை என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நான் கேட்டது அவளைப் பற்றிய கேள்வியே இல்லை, அவள் மகனைப் பற்றிய கேள்வி. ஊர் பார்க்க, பெற்ற பிள்ளையின் மானத்தை எடுத்துக் கொடுத்தால்தான் உதவி என்று சொன்னேன். அவள் மகன் மானத்தை வைத்துக்கொண்டு, பட்டினியை எடுத்துக்கொண்டு போனாள். நம் பக்கத்துத் தாய்மார் அப்படித்தான் செய்வார்கள் என்பது நெல்லைச் சீமையில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாதா?

வெளிநாட்டைப் பார்த்து நாம் என்ன கற்றுக்கொள்ளலாம் என்று நீங்கள் நண்பர்கள் உட்கார்ந்து பேசும்போது பெரிய பெரிய விஷயமெல்லாம் வரும். வரி, காப்பீடு, பென்ஷன். சம்பளத்தில் வரியாக அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று நீ புலம்புவாய். அந்தக் கணக்கெல்லாம் எனக்குப் புரியாது, அவ்வளவு வரி நம்மால் கட்ட முடியுமா என்றும் தெரியாது. நான் அங்கிருந்து கொண்டுவந்தது இவ்வளவுதான்: உதவி கேட்டு வந்தவளிடம் அவளைப் பற்றி மட்டும் கேள். இதற்குப் பெரிய பணம் வேண்டாம். யோசித்துப் பார்த்தால் இது நமக்கு வராத வித்தையும் இல்லை. சத்துணவில் தட்டை நீட்டுகிற பிள்ளையிடம், உன் அப்பன் சோறு போட மாட்டானா என்று யாரும் கேட்பதில்லை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு வேண்டாம் என்று கண்டக்டர் சீட்டைக் கிழிக்கும்போது, புருஷன் சம்பாதிக்கிறானா என்று கேட்பதில்லை. அங்கெல்லாம் கேட்காமல் கொடுக்கத் தெரிந்த நாம், கிழவியிடம் மட்டும் கேட்டோம். கேட்டவள் நான்.

ஊருக்குத் திரும்பியதும் இதை ஒரு மனுவாக எழுதினேன். முதியோர் மனு விசாரணையில் பிள்ளைகளைப் பற்றிய கேள்வியைப் பெற்றவர்களிடம் கேட்கக் கூடாது, கேட்டே ஆக வேண்டுமென்றால் தனியே வைத்துக் கேட்க வேண்டும் என்று. இன்றைக்கு விதி மாறியிருக்கலாம், எனக்குத் தெரியாது, கேட்கிற பழக்கம் மாறியிருக்காது என்பது மட்டும் தெரியும். கடையில் கொடுத்து டைப் அடித்து, அலமாரியில் வைத்து, இதோ அதோ என்று மாதங்கள் ஓடிவிட்டன. இதற்கு நடுவில் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். ஆமாம், அதுதான் கை. மாவுக்கட்டு. மூன்று வாரமாகிறது. உன்னிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நீ கூப்பிட்டபோது போனை இடது கையில் பிடித்து, முகம் மட்டும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டேன். தலையில் துண்டு கட்டியிருந்தேன். "இப்பத்தான் குளிச்சியாம்மா?" என்றாய். ஆமாம் என்றேன். நீயும் மருமகளும் பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்து, "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டீர்கள். நன்றாக இருக்கிறேன் என்று சொன்னேன்.

திங்கட்கிழமை, இனியும் தள்ளிப்போட்டால் போகவே மாட்டேன் என்று கட்டோடு கிளம்பி மனுக் கொடுக்கப் போனேன். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன், சோறு போட்ட துறையைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை. நீண்ட வரிசை. மேஜையில் ஒரு பையன், உன்னைவிட இளையவன், மரியாதையானவன். மனுவை வாங்கினான். மேலே 'முதியோர்' என்ற சொல்லைப் பார்த்தான், என் கட்டைப் பார்த்தான். மீதியைப் படிக்கவில்லை. ஆயிரம் மனு பார்த்த களைப்பு, நானும் அப்படித்தான் இருந்திருப்பேன். நல்ல மனசோடுதான் கேட்டான், ஆனால் சத்தமாகக் கேட்டான்: "ஆச்சி, மவன் பாக்கலையா? கையில என்ன இது, அவன் செஞ்ச வேலையா? பேரச் சொல்லுங்க, கூப்பிட்டு விசாரிச்சிருவோம்."

வரிசை முழுக்கத் திரும்பியது. எனக்குப் பின்னால் ஒருத்தி ச்சு கொட்டினாள். எனக்கு எல்லாம் தெரியும், எய்யா. அந்தக் கேள்வியை எதிர்த்துத்தான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். மனுவில் அத்தனையும் எழுதியிருக்கிறது. இது என் மனு இல்லை தம்பி, படித்துப் பார் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் வாய் என்னைக் கேட்கவில்லை. "சேச்சே, நல்லாப் பாக்குதான்" என்றது. சொன்னதோடு நிற்காமல் அவன் கையிலிருந்த மனுவை வெடுக்கென்று பிடுங்கிப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அதே இரண்டு சொல். அதே குரல் என்றுகூட எனக்குத் தோன்றியது. ஆற்றுப் பாலத்துப் பக்கம் வந்து, ஒரு கடை பெஞ்சில் உட்கார்ந்து, டீ சொல்லிவிட்டுக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

நீ நல்ல பிள்ளை. அது பொய்யில்லை. ஞாயிறு தவறாமல் கூப்பிடுகிறாய், வேற என்ன வேணும்மா என்று கேட்காமல் போனை வைத்ததில்லை. பொய் எங்கே இருக்கிறது என்றால், நான் உன்னைப் பார்க்கவிடவே இல்லை. கையை மறைத்துவிட்டு, பார்க்கிறான் என்று சொன்னேன். சொன்னால் கைக்குழந்தையை விட்டுவிட்டு அடுத்த விமானத்தில் வந்து நிற்பாய் என்ற பயம் பாதி. மகனை இப்படி ஓடிவர வைத்தாளே என்று நாலு பேர் சொல்வார்களே என்ற பயம் பாதி. பக்கத்து வீட்டில் இட்லி கொடுத்துவிடுகிறார்கள். அதற்கு மேல் அவர்களிடம் ஒரு வேலை சொல்ல என்னால் முடியவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று எனக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம் அந்தக் கேள்வியைக் கேட்டவள்.

அந்த மனுவை வருகிற திங்கட்கிழமை மறுபடி கொண்டுபோகிறேன். இந்தத் தடவை முதல் பக்கத்தில் பேச்சித்தாய் பெயரையும், அவள் மனுவைத் தள்ளியது நான்தான் என்பதையும் எழுதப் போகிறேன். கேட்பதற்கு ஆள் இருக்கிறதோ இல்லையோ, எழுத வேண்டும். நீ விமானம் ஏறி வர வேண்டாம். வந்தால் பிள்ளைகளோடு பொங்கலுக்கு வா, சீட்டு ஆடலாம், நான் ஏமாற்றுவேன்.

இப்போதைக்கு ஒன்று மட்டும் செய். ஞாயிற்றுக்கிழமை நீ மட்டும் கூப்பிடு. பக்கத்தில் யாரும் வேண்டாம். நல்லா இருக்கியாம்மா என்று கேட்காதே. இன்றைக்கு எழுந்ததிலிருந்து எது கஷ்டமாக இருந்தது என்று கேள். அப்படிக் கேட்டாலும் வாய் மறுபடி பொய் சொல்லிவிடும், அதனால் பதிலை இங்கேயே எழுதிவைக்கிறேன்.

தலை பின்ன முடியவில்லை, எய்யா. இருபத்திரண்டு நாளாகிறது. அந்தத் துண்டு குளித்துவிட்டுக் கட்டியது இல்லை.

அம்மா